கணக்கு நேர்

2025 நவம்பர் 5ஆம் தேதி, அதிகாலை ஒன்றரை மணிக் கால்பந்து ஆட்டம். லிவர்பூலின் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் எங்கள் லிவர்பூலும் ரியல் மாட்ரிட்டும். வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்ததால் டிவி சத்தத்தை இரண்டில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து பார்த்தேன். மாக் அலிஸ்டர் தலையால் முட்டிய ஒரே கோலில் ஜெயித்தோம். ஆனால் நான் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டது கோலுக்காக இல்லை. எங்களை விட்டு ரியல் மாட்ரிட்டுக்குப் போன ட்ரென்ட் அலெக்சாண்டர்-ஆர்னால்ட் இறங்குவாரா, இறங்கினால் கூட்டம் என்ன செய்யும் என்று பார்க்கத்தான். 81ஆவது நிமிடத்தில் இறங்கினார். இரண்டில் வைத்திருந்த டிவியிலும் அந்த ஊளை நன்றாகவே கேட்டது. பந்து அவர் காலுக்குப் போகும்போதெல்லாம் மறுபடி மறுபடி. மைதானத்துக்குப் பக்கத்துத் தெருவில் அவர் முகம் வரைந்திருந்த சுவரில் ஆட்டத்துக்கு முன்னாலேயே யாரோ பெயின்டை ஊற்றிவிட்டிருந்தார்கள்.

விடிந்ததும் எங்கள் வாட்ஸப் குழுவில் ஒரே கொண்டாட்டம். பதினோரு பேர், பெரும்பாலும் மதுரையில் புதூர், நரிமேடு, ஒருத்தன் திருமங்கலம். ரியல் மாட்ரிட்டை ஜெயித்ததைவிட ஊளைக்குத்தான் அதிகம் குதித்தார்கள். நான் எதுவும் போடவில்லை. ‘என்னடா, சத்தத்தையே காணோம்?’ என்று ஒருவன் கேட்டான். கேட்டதில் நியாயம் இருக்கிறது. மே மாதம் அந்தக் குழுவிலேயே அதிகமாகக் கத்தியவன் நான்தான். துரோகி என்பதைவிட மோசமான சொற்களையும் எழுதியிருக்கிறேன், அதை இங்கே திரும்ப எழுத முடியாது.

ஏன் அவ்வளவு கோபம் என்று லிவர்பூல்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆறு வயதில் கிளப்புக்குள் வந்த உள்ளூர்ப் பையன். 2019இல் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் பார்சிலோனாவுக்கு எதிரான அந்த கார்னர். இங்கே இரவு இரண்டு மணி தாண்டியிருந்தது. விடுதி அறையில் ஆறு பேர் ஒரு லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். ட்ரென்ட் பந்தை வைத்துவிட்டு, ‘நீயே அடி’ என்பதுபோல் இரண்டு மூன்று எட்டு விலகி நடக்கிறார். சட்டென்று திரும்பி அடிக்கிறார். பார்சிலோனாக்காரர்கள் யாரும் பந்தைப் பார்க்கவே இல்லை, எங்கள் ஒரிகி மட்டும் பார்த்தார், கோல். அப்போது ட்ரென்டுக்கு வயது 20. எனக்கும் கிட்டத்தட்ட அதே வயது. நான் அரியர் வைத்திருந்தேன்.

அந்தப் பையன்தான் 2025 மே 5ஆம் தேதி, ஒப்பந்தம் முடிந்ததும் போகிறேன் என்று அறிவித்தார். அதற்குப் பதினைந்து நாள் முன்னால்தான் லெஸ்டருக்கு எதிராக வெற்றி கோலை அடித்து, சட்டையைக் கழற்றிக் கார்னர் கொடிக் கம்பத்தில் மாட்டிவிட்டு நின்றிருந்தார். போகட்டும், போவது பிரச்சினை இல்லை. கிளப்புக்குக் காசு வராமல் போகிறாரே என்பதுதான் என் வயிற்றெரிச்சல். 2018இல் கூட்டின்யோ போனபோது பார்சிலோனா 14 கோடி பவுண்டு வரை கொடுத்தது. அதே ஆண்டில்தான் வான் டைக்கும் அலிசனும் வந்து சேர்ந்தார்கள். எந்த லிவர்பூல் ரசிகனைக் கேட்டாலும் அவர் பணத்தில்தான் இவர்கள் வந்தார்கள் என்று விரல்விட்டு எண்ணிக் காட்டுவான். ட்ரென்ட் இரண்டு வருடம் முன்பே புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் அவரையும் அப்படி விற்றிருக்கலாம். கையெழுத்துப் போடாமல், வாய் திறக்காமல், நாளை ஓட்டியே போய்விட்டார்.

மாமா கடை

என் தாய்மாமா புதூரில் பரோட்டாக் கடை வைத்திருக்கிறார். பெரிய கடை இல்லை. நாலு மேசை, வாசலில் ஒரு கல், ஓரமாக ஒரு கல்லா. பகலில் நான் வேறு வேலை பார்க்கிறேன். இரவு ஒன்பது மணிக்கு மேல் போய் கணக்கு எழுதித் தருவேன். அதற்குச் சம்பளம் கிடையாது, இரண்டு பரோட்டாவும் ஒரு ஆம்லேட்டும்தான். நீள நோட்டில் ஆளுக்கு ஒரு பக்கம். இடது பக்கம் வாங்கியது, வலது பக்கம் பிடித்தது.

பரோட்டா மாஸ்டரை வேலைக்கு வைப்பது எப்படி என்று கடைப்பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும். அட்வான்ஸ் இல்லாமல் ஆள் நிற்காது. தங்கச்சி கல்யாணம், வீட்டுக்குத் தளம் போடுவது, அம்மாவுக்கு ஆபரேஷன், ஏதாவது ஒரு செலவு வரும். முதலாளி கொடுப்பார். தினச் சம்பளத்தில் இருநூறோ முந்நூறோ பிடித்துக்கொள்வார். பாதி அடைவதற்குள் அடுத்த செலவு வரும், அடுத்த அட்வான்ஸ். பாக்கி நிற்கும் வரைக்கும் ஆளும் நிற்பான். வேறு கடைக்காரர் அந்த ஆளைக் கூப்பிட நினைத்தால், பழைய முதலாளியிடம் வந்து பாக்கியை அடைத்துவிட்டுத்தான் கூட்டிப்போக வேண்டும். அதைத்தான் ‘அட்வான்ஸை அடைச்சு ஆளை எடுக்குறது’ என்பார்கள். நான் டிரான்ஸ்ஃபர் என்றால் என்ன என்று மாமாவுக்கு ஒருமுறை விளக்க ஆரம்பித்தேன். இரண்டு நிமிடத்தில் கையமர்த்தி, “இதுல என்ன மாப்ள இருக்கு, நம்ம செய்யறதுதான” என்றார்.

செய்துமிருக்கிறார். மூன்று வருடம் முன்னால் மேலூர்ப் பக்கம் ஒரு கடையில் கொத்துப் போடுகிற ஒருவரைப் பார்த்து மயங்கி, அந்தக் கடைக்காரரிடம் அறுபதாயிரம் கொடுத்துக் கூட்டிவந்தார். அந்தக் கடைக்காரர் இன்றுவரை இவரிடம் பேசுவதில்லை. மாமா அதைப் பெருமையாகத்தான் சொல்வார்.

இரண்டும் ஒன்றுதான் என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே ஆட்டக்காரர் கடனாளி இல்லை, கோடீஸ்வரர். ஒப்பந்தத்தை நடுவில் முறிப்பதற்கு ஒரு கிளப் இன்னொரு கிளப்புக்குக் கொடுக்கிற விலைதான் அந்தப் பணம். இங்கே ஆளைக் கட்டிப்போடுவது கடன். முன்பணம் கொடுத்துவிட்டு, வேறு இடத்தில் வேலை பார்க்கும் உரிமையைப் பறித்தால் அதைக் கொத்தடிமை முறை என்றுதான் 1976ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மாமா அப்படிப் பட்டவர் இல்லை என்று எழுதத்தான் கை வருகிறது. ஆனால் நோட்டு என் கையெழுத்தில் இருப்பதால் அதைக் கொஞ்சம் யோசித்துத்தான் எழுத வேண்டும்.

கடையில் ஒன்பது வருடமாக ஒரு மாஸ்டர் இருந்தார். பத்தாவது முடித்த கையோடு மேசை துடைக்க வந்தவர். மாமாதான் மாவு பிசையச் சொல்லிக் கொடுத்தார், உருண்டை பிடிக்க, வீச. முதல் ஆறு மாதம் ஈரத் துணியை வீசித்தான் பழகினாராம். பிறகு மாமாவையே மிஞ்சிவிட்டார். அவர் வீசினால் மாவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் டியூப்லைட் தெரியும். புதூரில் எங்கள் கடைக்கு ஒரு பெயர் இருந்தது என்றால் அது அவர் கைக்கு இருந்த பெயர்.

2025 மே 7ஆம் தேதி இரவு, கடை சாத்தும் நேரத்தில் அவர் மாமாவிடம் வந்தார். “அண்ணே, கணக்கு என்னன்னு பாத்துச் சொல்லிருங்க. திருவிழா முடிச்சுட்டு நான் சென்னைக்குப் போறேன்.” மாமா என்னைப் பார்த்தார். நான் நோட்டைத் திருப்பினேன். ஜனவரி ஒன்றில் பாக்கி 36,000. அதிலிருந்து வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளும் 300, 300, 300. இடது பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. பொங்கலுக்கு வாங்கவில்லை. மகளுக்குக் காது குத்தினபோது வாங்கவில்லை. அன்றைய 300ஐ எழுதிக் கூட்டினால் பாக்கி பூஜ்யம். அத்தனை வரியையும் எழுதியது என் கை. எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

மாமா கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “நாலு மாசமா அட்வான்ஸ் கேக்கல பாத்தியா மாப்ள. அப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்” என்றார். மாஸ்டரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்தின் கீழே இரட்டைக் கோடு போட்டு ‘கணக்கு நேர்’ என்று எழுதினேன்.

எதிர்சேவை இரவு

லிவர்பூல் அர்செனல் ஆட்டம் மே 11ஆம் தேதி, இரவு ஒன்பது மணிக்கு. மதுரைக்காரர்களுக்கு அந்தத் தேதியைச் சொன்னாலே போதும். மறுநாள் விடிகாலை அழகர் ஆற்றில் இறங்குகிறார். காலையிலேயே மூன்றுமாவடியில் அவரை மக்கள் எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவை முடிந்து, புதூரைத் தாண்டித் தல்லாகுளம் போய்விட்டார். ஆனால் கூட்டம் வந்துகொண்டேதான் இருந்தது. மேலூர், நத்தம் பக்கமிருந்து குடும்பம் குடும்பமாக நடந்து வருகிறவர்கள், தோல்பையில் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள், தோளில் தூங்கும் குழந்தைகள். என்ன நிறப் பட்டு உடுத்துவார் என்பதுதான் மேசைக்கு மேசை பேச்சு. சாமி நாள் என்பதால் கறி கிடையாது, வெறும் சால்னாதான். அப்படியும் உட்கார இடமில்லை. ஐபிஎல் அந்த வாரம் நிறுத்தி வைக்கப்பட்டிருந்ததால், கல்லாவில் சாய்த்து வைத்த என் போனில் ஓடின ஆட்டத்தை சப்ளையர் பையன்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

இருபத்தோரு நிமிடத்துக்குள்ளேயே இரண்டு கோல், காக்போ ஒன்று, டியாஸ் ஒன்று. கோப்பை ஏற்கெனவே எங்களுக்கு உறுதியாகியிருந்தது. குஷிதான். இரண்டாம் பாதியில் அர்செனல் ஒன்றைத் திருப்பியது. 67ஆவது நிமிடத்தில் பிராட்லியை வெளியே எடுத்து ட்ரென்டை இறக்கினார்கள். முதலில் அது என்ன சத்தம் என்று புரியவில்லை, போன் ஸ்பீக்கரில் தகரத்தைத் தேய்ப்பது மாதிரி இருந்தது. ஆன்ஃபீல்ட் தன் சொந்த ஆளைப் பார்த்து ஊளையிட்டது. நானும் “அப்படிப் போடு!” என்று கல்லாவைத் தட்டினேன். உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

அதே நேரத்தில் மாமா ஒரு வாடிக்கையாளரிடம், தேவைக்கு அதிகமான குரலில் பேசிக்கொண்டிருந்தார். “நன்றியெல்லாம் எங்கண்ணே இருக்கு இந்தக் காலத்துல? கைய புடிச்சு சொல்லிக் குடுத்தோம். ரெண்டு ரூபா கூடத் தர்றேன்னான், கெளம்பிட்டான்.” அந்த வாடிக்கையாளர் கல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் தட்டில் குனிந்துகொண்டார்.

கல்லில் மாஸ்டர் நின்றிருந்தார். எங்களுக்கு முதுகு. பனியன் முழுக்க நனைந்து ஒட்டியிருந்தது. எட்டுப் பரோட்டாவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இரண்டு பக்கமும் கையால் தட்டினார். எப்போதும் தட்டுகிற அதே தட்டு, மூன்று முறை, திருப்பி மூன்று முறை. கேட்காமல் இருந்திருக்க முடியாது. ஒன்பது வருடத்தில் அவ்வளவு கூட்டம் வந்த இரவு அது. அவர் நினைத்திருந்தால் ஏழாம் தேதியே கிளம்பியிருக்கலாம், நோட்டில் கோடு போட்டாயிற்று. திருவிழாவை முடித்துக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்று நின்றவர். அதற்கு இது.

அப்போதே எனக்கு ஞானம் வந்துவிட்டது என்று எழுதினால் அழகாக இருக்கும். வரவில்லை. மாமா பேசுவது தப்பு என்று தெரிந்தது, ஆன்ஃபீல்ட் செய்வது சரி என்றும் தோன்றியது. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன, ஒன்றை ஒன்று தொடவில்லை. மெரினோ சமன் செய்து 2-2இல் ஆட்டம் முடிந்ததற்கும் ட்ரென்டைத்தான் குழுவில் திட்டினேன்.

இசாக் வந்த நாள்

தொட்டது செப்டம்பர் 1ஆம் தேதி. நியூகாசிலிலிருந்து அலெக்சாண்டர் இசாக்கை 12.5 கோடி பவுண்டுக்கு வாங்கினோம். பிரிட்டனில் அதுவரை யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை. இசாக்குக்கு நியூகாசிலோடு 2028 வரை ஒப்பந்தம் இருந்தது. மூன்று வருடம் பாக்கி இருக்க, அணியோடு பயிற்சிச் சுற்றுப்பயணத்துக்குப் போகவில்லை, சீசன் தொடங்கியும் ஆடவில்லை, எனக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டார்கள் என்று அறிக்கை வேறு விட்டார். ஆகஸ்ட் முழுக்க எங்கள் குழுவில் அதைத்தான் ரசித்தோம். ‘ஆளு கெத்து, நம்மகிட்ட வர்றதுக்காக என்னா பிடிவாதம் பாரு’ என்று எழுதியது வேறு யாருமில்லை, நானே. அன்றிரவு பழைய செய்திகளை மேலே தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தபோது மே மாதம் நான் எழுதியதும் வந்து நின்றது. ஒப்பந்தத்தின் கடைசி நாள் வரை ஆடியவன் துரோகி. மூன்று வருடம் பாக்கி வைத்துவிட்டு ஆடமாட்டேன் என்றவன் கெத்து. இரண்டும் ஒரே ஆள் எழுதியது, நான்கு மாதத்துக்குள்.

அறுபதாயிரம் கொடுத்துக் கூட்டிவந்தவரைப் பற்றி மாமா பெருமை பேசியதும், கணக்கு முடித்துப் போனவரை நன்றி கெட்டவன் என்றதும் அப்போதுதான் சேர்ந்து நினைவுக்கு வந்தது.

அதற்கப்புறம் கொஞ்சம் படித்தேன். 1995 டிசம்பர் 15 வரைக்கும் ஐரோப்பாவில் ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரருக்கும் பழைய கிளப் விலை கேட்கலாம். பெல்ஜியத்தின் லியேஜ் கிளப்பில் ஆடிய ஜான்-மார்க் போஸ்மனுக்கு 1990இல் ஒப்பந்தம் முடிந்தது. கால்பங்குச் சம்பளத்துக்கு இருக்கிறாயா என்றார்கள். பிரான்சின் டன்கிர்க் கிளப் கூப்பிட்டது, ஆனால் பணத்தில் இழுபறியாகிப் போக முடியவில்லை. இருக்கவும் முடியாது, போகவும் முடியாது. வழக்குப் போட்டு ஐந்து வருடம் கழித்து ஜெயித்தார். அதற்குள் அவருடைய ஆட்டக் காலமே போய்விட்டது. அந்தத் தீர்ப்பினால்தான் 1999இல் எங்கள் மெக்மனமன் காசில்லாமல் ரியல் மாட்ரிட் போனார், அடுத்த வருடமே சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் கோல் அடித்தார். 2004இல் மைக்கேல் ஓவன் ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வருடம் இருக்கும்போது வெறும் 80 லட்சம் பவுண்டுக்கும் நூன்யஸ் என்கிற ஒரு ஆட்டக்காரருக்கும் அதே மாட்ரிட் போனார். இதெல்லாம் நடந்து பழகிய வீடுதான் லிவர்பூல்.

காசில்லாமல் போவதுதான் குற்றமென்றால் விய்னால்டம் 2021இல் அப்படித்தான் போனார், வரிசையாக நின்று கைதட்டி அனுப்பினோம். ஃபிர்மினோ 2023இல் அப்படித்தான் போனார், நான் அழுதேன். அவர்களையெல்லாம் விற்றால் என்ன கிடைத்திருக்கும் என்று யாரும் கணக்குப் போடவில்லை. ட்ரென்டுக்கு மட்டும் போட்டோம், ஏனென்றால் அவர் விலை போகிற வயதில் இருந்தார். தன்னை விற்றுக் கிளப்புக்குக் காசு சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியது ஆட்டக்காரரின் கடமை என்று எங்கே எழுதியிருக்கிறது? அவருடைய கடைசி ஒப்பந்தம் 2021இல் போட்டது. அதற்குப் பிறகு ஆளெடுக்கும் நாற்காலியில் எட்வர்ட்ஸ் போனார், வார்ட் வந்து போனார், ஷ்மாட்கே வந்து போனார், 2024இல் ஹியூஸ் வந்தார், இடையில் பயிற்சியாளர் கிளாப்பும் போனார். ட்ரென்ட், சாலா, வான் டைக் மூன்று பேர் ஒப்பந்தமும் ஒரே நாளில் முடியும்படி விட்டது யார்? சாலாவும் வான் டைக்கும் ஏப்ரலில் கையெழுத்துப் போட்டுவிட்டதால் அந்தக் கேள்வியைக் கேட்காமலே விட்டுவிட்டோம். நோட்டை எழுதியும் பார்க்காமல் விட்ட என்னை மாதிரி.

உண்மையில் ட்ரென்ட் ஒரேயடியாகக் காசில்லாமலும் போகவில்லை. கிளப் உலகக் கோப்பையில் ஆடுவதற்காக ஒரு மாதம் முன்னதாகவே விடச் சொல்லி, ஏறக்குறைய ஒரு கோடி யூரோ மாட்ரிட் கொடுத்தது. அந்த ஒரு மாதம் பாக்கி நின்றதற்கு வந்த காசு.

இவ்வளவும் தெரிந்த பிறகு ட்ரென்டை எனக்குப் பிடிக்க ஆரம்பித்துவிட்டதா என்றால், இல்லை. அறிமுக விழாவில் சரளமாக ஸ்பானிஷ் பேசினாரே, அதற்கு எத்தனை மாதம் படித்திருப்பார், எங்களோடு கோப்பைக்கு ஆடிக்கொண்டே படித்திருப்பார் இல்லையா என்று நினைத்தால் இப்போதும் சுருக்கென்கிறது. அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. என் பக்கம் நியாயம் இல்லாத ஒரு வருத்தம் இருக்கிறது. பார்சிலோனா கார்னரை யூட்யூபில் இப்போதும் பார்க்கிறேன், ஆனால் அவர் விலகி நடக்கிற அந்த மூன்று எட்டு வரும்போது வேறெதையோ பார்ப்பது மாதிரி இருக்கிறது. எங்கள் தடுப்பாட்டக்காரர் கொனாத்தேயின் ஒப்பந்தம் 2026 ஜூன் வரைக்கும் போட்டது. குழுவில் 2025 கடைசியிலேயே ஆரம்பித்துவிட்டார்கள். நான் இந்தமுறை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

மாஸ்டர் தீபாவளிக்கு ஊருக்கு வந்திருந்தார். மறுநாள் இரவு கடைக்கு வந்தார், கையில் ஒரு ஸ்வீட் பாக்ஸ். மாமா “வா, உக்காரு” என்றார், முகத்தைப் பார்க்காமல். நாலாவது மேசையில் உட்கார்ந்தார். புது மாஸ்டர் கல்லில் போட்டுக்கொண்டிருந்ததை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தவர், என்னிடம் மெதுவாக, “கல்லு சூடு பத்தல தம்பி, சொல்லிராதீங்க” என்றார். இரண்டு பரோட்டா, ஒரு ஆம்லேட். சால்னாவை மாமாவே வந்து ஊற்றினார், போதும் என்று கை காட்டிய பிறகும் ஒரு கரண்டி. சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்து, மாஸ்டர் நூறு ரூபாய்த் தாளை நீட்டினார். வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். மாமா வாங்கிக் கல்லாவில் போட்டு, இரண்டு இருபது ரூபாய்த் தாளை எடுத்துக் கொடுத்தார்.

“எண்ணிக்க” என்றார்.

மாஸ்டர் எண்ணினார்.